கிளாஸ் யார் கையில்?

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் ஏதாவது ஒரு சாப்பாட்டுக் கடையில் காலை ஏழரை மணிக்கு உட்கார்ந்து பாருங்கள். தேநீர் ஆற்றுபவர் ஒரு குவளையைத் தலைக்கு மேலும் மற்றொன்றை இடுப்புக்குக் கீழும் கொண்டுபோய் தே தாரேக் இழுக்கிறார். கண்ணாடிக் கிளாசில் ஊற்றிப் பலகை மேல் வைக்கிறார். பரிமாறும் தம்பி அதை எடுத்துத் தட்டில் வைத்து, தட்டோடு நடந்து வந்து மேசையில் இறக்குகிறார். வாடிக்கையாளர் ஒரு கையில் நாளிதழைப் பிடித்துக்கொண்டே மறு கையால் கிளாசைத் தூக்கி வாயருகே கொண்டுபோகிறார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குள் பலகை, தம்பியின் கை, தட்டு, மேசை, வாடிக்கையாளர் கை என்று அந்தக் கிளாஸ் ஐந்து இடங்களைப் பார்த்துவிட்டது. யாரும் இதைக் கவனிப்பதில்லை. கவனிக்க என்ன இருக்கிறது என்றுதான் தோன்றும்.

இதே காட்சியைக் கணினியில் முப்பரிமாண அனிமேஷனாகச் செய்ய உட்காருபவருக்கு அப்படித் தோன்றாது. கணினிக்குக் கை என்றால் என்னவென்று தெரியாது. பிடிப்பது என்றால் என்னவென்றும் தெரியாது. கதாபாத்திரத்தின் விரல்கள் கிளாசைச் சுற்றி அழகாக மூடிக்கொள்ளும். பிறகு கை மட்டும் மேலே போகும். கிளாஸ் மேசையிலேயே நிற்கும். சரி, கிளாசையும் தனியாக மேலே நகர்த்தலாம் என்று நகர்த்தினால், அது கையைவிட இம்மியளவு முந்தும், இம்மியளவு பிந்தும். விரலுக்குள் புகுந்து மறுபக்கம் வெளியே வரும். பார்க்கிறவருக்கு என்ன தவறு என்று சொல்லத் தெரியாது. ஆனால் 'ஏதோ பொம்மை மாதிரி இருக்கிறது' என்று சொல்லிவிடுவார்.

ஆகவே, எது எதைப் பிடித்திருக்கிறது, எந்தக் கணத்திலிருந்து எந்தக் கணம் வரை பிடித்திருக்கிறது என்று ஒருவர் முன்கூட்டியே கணினிக்குச் சொல்லி வைக்க வேண்டும். அந்த ஏற்பாட்டுக்கு இத்துறையில் கன்ஸ்ட்ரெயின்ட் என்று பெயர். தமிழில் பிணைப்பு என்று சொல்லலாம். கதாபாத்திரத்துக்குள் எலும்புக்கூடு அமைத்து, அந்த எலும்புகளுக்கும் பொருள்களுக்கும் இடையே இத்தகைய பிணைப்புகளைப் போட்டுவைக்கும் வேலைக்கு ரிக்கிங் என்று பெயர். படத்தின் இறுதியில் ஓடும் பெயர்ப் பட்டியலில் இவர்கள் பெயர் வேகமாக ஓடிவிடும். ஆனால் இவர்கள் வேலை பிசகினால் மற்ற அத்தனை பேர் உழைப்பும் திரையில் செத்துவிடும்.

இதை நம் மக்கள் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்? இந்தத் தொழில் நம் வீட்டு வாசலில் நடக்கிறது என்பதுதான் காரணம். 2007 செப்டம்பரில் டிவி9-இல் தொடங்கிய 'உப்பின் இப்பின்' ஷா ஆலாமில் உள்ள லெஸ் கொபாக் நிறுவனத்தின் படைப்பு. அதே நிறுவனம் 2009 பிப்ரவரியில் வெளியிட்ட 'கெங்' நாட்டின் முதல் முப்பரிமாணக் கணினி அனிமேஷன் திரைப்படம். அதன் இயக்குநர் நிசாம் ரசாக் பிறகு நண்பர்களுடன் சேர்ந்து அனிமோன்ஸ்தா நிறுவனத்தைத் தொடங்கி, 2011-இல் 'போபோய்போய்' தொடரைக் கொண்டுவந்தார். 2016-இல் 'ஏஜென் அலி' வந்தது. உப்பின் இப்பின் கம்பத்தில் ராஜூ என்ற தமிழ்ச் சிறுவன் தன் மாட்டோடு திரிகிறான். போபோய்போயின் உற்ற தோழன் கோபால், பொருள்களைத் தின்பண்டமாக மாற்றும் சக்தி படைத்தவன். (நம் பிள்ளைக்கு என்ன சக்தி கொடுத்திருக்கிறார்கள் பாருங்கள் என்று சில பெற்றோர் சலித்துக்கொள்வதும் உண்டு!)

கணினிக்கு முந்திய காலத்திலும் நம்மவர் பெயர் இந்த வரலாற்றில் உண்டு. அன்றைய பிலெம் நெகாரா மலேசியாவில் பணியாற்றிய ஆனந்தம் சேவியர் 1978-இல் முடித்து, 1983-இல் திரையைக் கண்ட 'ஹிக்காயாட் சாங் கஞ்சில்' நாட்டின் முதல் அனிமேஷன் குறும்படமாகக் குறிப்பிடப்படுகிறது. கையால் வரையும் முறையில் இந்தப் பிணைப்புச் சிக்கல் எழுவதே இல்லை. ஓவியர் ஒவ்வொரு தாளிலும் கையையும் கையில் உள்ள பொருளையும் சேர்த்தே வரைகிறார். அவர் பென்சிலே இரண்டையும் பிணைத்துவிடுகிறது. கணினியில் கை ஒரு பொருள், கிளாஸ் இன்னொரு பொருள். இரண்டுக்கும் உறவு ஏற்படுத்துவது தனி வேலையாகிவிட்டது.

தலையில் வளையம் கட்டிய கலைஞர்

அந்த உறவு நமக்குப் புதிதும் அல்ல. தமிழ்நாட்டின் மரப்பாவைக் கூத்தில் நூலும் குச்சியும் சேர்ந்தே வேலை செய்யும். பாவையைத் தாங்கும் நூல்களை ஓர் இரும்பு வளையத்தில் கட்டி, அந்த வளையத்தைக் கலைஞர் கிரீடம்போலத் தன் தலையில் மாட்டிக்கொள்கிறார். பாவையின் கைகளை இரு குச்சிகளால் ஆட்டுகிறார். சில பாவைகள் நாலரை அடி உயரம், 10 கிலோ எடை. கலைஞர் தலையைச் சாய்த்தால் பாவையின் உடல் சாயும். ஆனால் கை சாயாது, கை குச்சியின் பேச்சைத்தான் கேட்கும். உடல் ஒருவருக்குக் கட்டுப்பட்டது, கை வேறொன்றுக்குக் கட்டுப்பட்டது. ரிக்கிங் படிக்கும் மாணவருக்கு முதல் மாதம் சொல்லிக்கொடுப்பதும் இதுவேதான். நூலுக்குப் பதில் கணக்கு, அவ்வளவே.

கணக்கு வழியாகப் பிணைக்கலாம் என்று முதலில் செய்து காட்டியவர் அமெரிக்காவின் ஐவன் சதர்லேண்ட். 1963-இல் எம்.ஐ.டி.யில் அவர் சமர்ப்பித்த ஸ்கெட்ச்பேட் ஆய்வில், ஒளிப்பேனாவால் திரையில் கோடுகளை வரைந்து, 'இந்த இரண்டும் இணையாக இருக்கவேண்டும்', 'இவை சம நீளம்' என்று நிபந்தனை போட்டால் கணினியே கோடுகளை ஒழுங்குபடுத்திக்கொள்ளும். அந்த நிபந்தனைகளுக்கு அவர் வைத்த பெயர்தான் கன்ஸ்ட்ரெயின்ட். 32 ஆண்டுகள் கழித்து 'டாய் ஸ்டோரி' வந்தபோது, வூடி என்ற ஒரே ஒரு பொம்மையை ஆட்டுவிக்க 700-க்கும் மேற்பட்ட கட்டுப்பாட்டுப் புள்ளிகள் இருந்தன.

ரதமும் கிளாசும்

கிள்ளானில் கோயில் ரதம் புறப்படுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ரதம் நகர்ந்தால் அதன் மேல் உள்ள சாமி, பூமாலை, மின்விளக்கு, தோரணம் எல்லாம் கூடவே நகரும். இதைப் பெற்றோர்-பிள்ளை உறவு என்பார்கள். ரதம் பெற்றோர், மற்றவை பிள்ளைகள். ஒருமுறை போட்டுவிட்டால் படம் முடியும் வரை அந்த உறவு மாறாது. ரதத்துக்கு இது பொருந்தும். கிளாசுக்குப் பொருந்தாது. கிளாஸ் முதலில் பலகையின் பிள்ளை, பிறகு தம்பியின் கைக்குப் பிள்ளை, அடுத்து தட்டுக்கு. தத்துக் கொடுத்துத் தத்துக் கொடுத்துப் போகவேண்டும்.

இதற்காகவே பிணைப்புக்கு ஒரு அளவுகோல் உண்டு. சுழி என்றால் பிடி இல்லை. ஒன்று என்றால் முழுப் பிடி. தொலைக்காட்சிக்கு ஒரு வினாடிக்கு 25 படங்கள். நாற்பதாவது படம் வரை மேசையின் பிணைப்பு ஒன்று, கையின் பிணைப்பு சுழி. நாற்பத்தொன்றாவது படத்தில் மேசை சுழி, கை ஒன்று. புதிதாகக் கற்பவர்கள் இங்கே ஒரு தவறு செய்வார்கள். மாற்றம் மென்மையாக இருக்கட்டும் என்று பத்துப் படங்களில் மெல்ல மெல்ல மாற்றுவார்கள். அந்தப் பத்துப் படங்களிலும் கிளாஸ் பாதி மேசைக்கும் பாதி கைக்கும் சொந்தமாகி, இரண்டுக்கும் நடுவே தண்ணீரில் மிதப்பதுபோல் நீந்தும். உண்மையில் பிடி என்பது மென்மையானது அல்ல. ஒரு கணத்தில் இல்லை, மறுகணத்தில் இருக்கிறது.

இன்னொரு தொல்லையும் உண்டு. பிணைப்பை ஒன்றாக்கிய அந்த நொடியே கிளாஸ் துள்ளிப்போய் மணிக்கட்டின் நடுவில் ஒட்டிக்கொள்ளும், அல்லது காட்சியை விட்டே பறந்துவிடும். காரணம் எளிது. புதுப் பெற்றோர் எங்கே இருக்கிறாரோ அந்த இடத்திலிருந்து கிளாசின் தூரத்தைக் கணினி புதிதாக அளக்கிறது. 'இப்போது இவர்கள் இருவருக்கும் இடையே உள்ள தூரத்தையும் கோணத்தையும் அப்படியே வைத்துக்கொள்' என்று தனியாகச் சொல்லவேண்டும். எல்லா மென்பொருளிலும் அதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்த மறந்துவிட்டு இரவு இரண்டு மணி வரை தலையைப் பிய்த்துக்கொள்ளாத மாணவர் அபூர்வம்.

தே தாரேக் இழுப்பு இன்னும் சுவையானது. தேநீரின் தாரை மேல் குவளையின் விளிம்பில் தொடங்கிக் கீழ்க் குவளைக்குள் முடிகிறது. கைகள் விலக விலகத் தாரை நீள்கிறது, நீளும்போது மெலிகிறது. தாரையின் ஒரு முனையை மேலே பிணைத்து, மறு முனை கீழ்க் குவளையை நோக்கி நீளும்படி இன்னொரு பிணைப்புப் போட்டு, நீளும்போது பருமன் குறையவேண்டும் என்று சொல்லிவிட்டால் போதும். அனிமேட்டர் இரண்டு கைகளை மட்டும் ஆட்டினால் தேநீர் தானே ஆறும்.

272 படிகள்

பத்துமலையில் காவடி ஏந்தி 272 படிகள் ஏறும் ஒருவரை அனிமேஷனில் காட்டவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதல் சிக்கல் பாதம். எலும்புகளை இடுப்பு, தொடை, முழங்கால், பாதம் என்று வரிசையாகக் கோத்திருப்பதால், இடுப்பை உயர்த்தினால் பாதமும் சேர்ந்து உயரும். படியில் ஊன்றிய கால் வழுக்கிக்கொண்டே போகும். மலிவான படங்களில் மனிதர்கள் பனிக்கட்டிமேல் நடப்பதுபோல் தெரிவதற்கு இதுதான் காரணம்.

தீர்வு, வரிசையைத் தலைகீழாக்குவது. பாதத்தைப் படியில் பிணைத்துவிடவேண்டும். இடுப்பு எங்கே, பாதம் எங்கே என்று தெரிந்துவிட்டால், முழங்கால் எவ்வளவு மடங்கவேண்டும் என்பதைக் கணினி கண்டுபிடித்துவிடும். தொடையின் நீளமும் கெண்டைக்காலின் நீளமும் தெரியும், இடுப்புக்கும் பாதத்துக்கும் உள்ள தூரமும் தெரியும்; முக்கோணத்தின் மூன்று பக்கங்கள் கிடைத்துவிட்டன. எஸ்.பி.எம். கூடுதல் கணிதத்தில் 'இதை எங்கே பயன்படுத்தப் போகிறோம்' என்று பிள்ளைகள் முணுமுணுக்கும் கோசைன் விதிதான் இங்கே வேலை செய்கிறது. இம்முறைக்கு இன்வெர்ஸ் கைனமேட்டிக்ஸ் என்று பெயர், சுருக்கமாக ஐ.கே. என்பார்கள்.

ஆனால் முக்கோணம் எவ்வளவு என்று சொல்லும் கணக்கு, அது எந்தப் பக்கம் பார்க்கவேண்டும் என்று சொல்லாது. முழங்கால் முன்னாலும் மடங்கலாம், பக்கவாட்டிலும் மடங்கலாம், கொக்கைப்போல் பின்னாலும் மடங்கலாம். அதற்காக முழங்காலுக்கு முன்னே காற்றில் ஒரு சிறு புள்ளியை வைத்து, 'முழங்கால் எப்போதும் இதைப் பார்க்கட்டும்' என்று பிணைப்பார்கள். கண்களுக்கும் இதே உத்திதான். இரு விழிகளும் முகத்துக்கு முன்னே உள்ள ஒரே புள்ளியைப் பார்க்கும்படி பிணைத்துவிட்டால், அந்தப் புள்ளியை நகர்த்தினால் போதும், பார்வை நகரும். தனித்தனியே சுழற்றினால் மாறுகண் நிச்சயம்.

இரண்டாவது சிக்கல் காவடி. பக்தர் இரு கைகளாலும் காவடியைப் பிடித்திருக்கிறார் அல்லவா? காவடியைக் கைகளோடு பிணைத்தாயிற்று. கைகள் நழுவக்கூடாது என்று கைகளைக் காவடியோடும் பிணைத்தாயிற்று. கணினி அப்படியே ஸ்தம்பித்துவிடும், அல்லது காவடி நடுங்கத் தொடங்கும். காவடி எங்கே என்று கேட்டால் 'கை இருக்கும் இடத்தில்'. கை எங்கே என்று கேட்டால் 'காவடி இருக்கும் இடத்தில்'. சுற்றிச் சுற்றி வரும் இந்த வட்டத்தை எந்தக் கணக்காலும் அவிழ்க்க முடியாது.

அவிழ்க்கும் வழி கணினியில் இல்லை, தைப்பூசத்தில் இருக்கிறது. காவடியைத் தாங்குவது கை அல்ல, தோள். காவடி எடுத்தவரைக் கேட்டால் சொல்வார். பார்த்துக்கொண்டு கூட நடந்தவர்கூடச் சொல்வார். ஆகவே, காவடியைத் தோளோடு பிணைக்கவேண்டும். கைகளைக் காவடியின் தண்டோடு பிணைக்கவேண்டும். தோள் ஆடினால் காவடி ஆடும், காவடி ஆடினால் கை பின்தொடரும். வட்டம் நேர்கோடாகிவிட்டது. பால்குடத்துக்கும் அப்படித்தான்: குடம் தலைக்குச் சொந்தம், கை வெறும் துணை. பாரத்தை யார் தாங்குகிறார் என்று தெரியாதவர் போட்ட பிணைப்பில் பக்தர் காவடியைத் தூக்கிப்பிடித்துக்கொண்டு நடப்பார். பார்க்கிற நமக்கு அது காவடியாகத் தெரியாது, சினிமா செட்டுச் சாமான் தூக்கிப்போவதாகத் தெரியும்.

வணக்கம் சொல்லத் தெரியாத எலும்புக்கூடு

இன்று ஆயத்த எலும்புக்கூடுகள் இலவசமாகவே கிடைக்கின்றன. பிளெண்டர் மென்பொருளிலேயே ரிகிஃபை என்ற வசதி இருக்கிறது. அடோபி நிறுவனத்தின் மிக்சாமோ, மனித உருவத்தைக் கொடுத்தால் சில நிமிடங்களில் எலும்பு பொருத்தித் தருகிறது. நடப்பது, ஓடுவது, குத்துவது, துப்பாக்கி பிடிப்பது எல்லாம் சரளமாக வரும். அந்த உருவத்தைக் கைகூப்பி வணக்கம் சொல்ல வைத்துப் பாருங்கள். ஒரு உள்ளங்கை மறு உள்ளங்கைக்குள் புதைந்துவிடும், அல்லது நடுவே ஓர் அங்குல இடைவெளி நிற்கும். இரு உள்ளங்கைகளையும் மார்புக்கு முன்னே உள்ள ஒரே புள்ளியோடு பிணைக்கவேண்டும் என்ற தேவை அதை வடிவமைத்தவர்களுக்கு வந்திருக்காது.

சம்மணமிட்டு உட்கார வைத்தால் தொடை இடுப்புக்குள் மடிந்து நசுங்கும். அரைமண்டி இன்னும் கடினம். பிரிக்பீல்ட்ஸ் டெம்பல் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் போன்ற இடங்களில் பரதம் பயிலும் சிறுமிக்கு முழங்கால் இரண்டும் வெளிப்பக்கம் விரியவேண்டும் என்பது பாலபாடம். ஆயத்த எலும்புக்கூட்டிலோ முழங்கால் பார்க்கும் புள்ளி நேர் முன்னே இருக்கிறது. புள்ளியை வெளிப்பக்கம் கொண்டுபோகாமல் இடுப்பை மட்டும் தாழ்த்தினால் கிடைப்பது அரைமண்டி அல்ல, பேருந்தில் இடம் கிடைக்காதவர் நிற்கும் நிலை. முத்திரைகளுக்கு ஒவ்வொரு விரலும் தனியே வளையவேண்டும். வாழையிலைச் சாப்பாடு என்றால், சோற்றைப் பிசைந்து விரல் நுனிகளில் ஏந்தி, கட்டைவிரலால் தள்ளி வாய்க்குள் அனுப்பும் அந்த ஒரு கவளத்துக்கு மூன்று முறை பிணைப்பு மாறவேண்டும். கரண்டியால் சாப்பிடும் கதாபாத்திரத்துக்கு இதில் பாதி வேலைகூட இல்லை.

நடிகரின் உடலில் குறிகளை ஒட்டி அசைவைப் பதிவு செய்துவிட்டால் இதெல்லாம் தேவையில்லையே என்று கேட்கலாம். ரஜினிகாந்தின் 'கோச்சடையான்' 2014-இல் அந்த முறையில்தான் வந்தது. முகங்களிலும் அசைவுகளிலும் உயிரோட்டம் போதவில்லை என்ற விமர்சனம் அப்போது பரவலாக எழுந்தது. பதிவு செய்யும் முறை உடலின் அசைவைத் தரும், தொடுதலைத் தராது. நடிகரின் கை நீளமும் கணினி உருவத்தின் கை நீளமும் ஒன்றாக இருக்காது. நடிகர் இடுப்பில் கைவைத்து நின்றால், உருவத்தின் கை இடுப்புக்குள் போய்விடும் அல்லது எட்டாமல் நிற்கும். கை இடுப்பைத் தொடவேண்டும், வாள் கைக்குள் நிற்கவேண்டும், பாதம் தரையில் ஊன்றவேண்டும் என்று பிறகு ஒருவர் உட்கார்ந்து பிணைத்தாகவேண்டும்.

வேலை நிலவரம்

பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்வி இரண்டு. 'என் பிள்ளைக்குப் படம் வரைய வராதே?' ரிக்கிங்குக்கு வரையும் கையைவிடக் கவனிக்கும் கண் முக்கியம். கணிதம் பிடித்திருந்தால் இன்னும் நல்லது. பைத்தான் போன்ற ஒரு நிரல்மொழி தெரிந்தால் வேலை பாதியாகக் குறையும். 'மென்பொருளுக்கே ஆயிரக்கணக்கில் செலவாகுமாமே?' பெரிய நிறுவனங்கள் பயன்படுத்தும் மாயாவுக்குச் சந்தா உண்டு, உண்மைதான். பிளெண்டருக்கு ஒரு காசும் இல்லை. 2002-இல் அதை உருவாக்கிய நிறுவனம் மூடப்பட்டபோது, உலகெங்கும் உள்ள பயனர்கள் ஏழு வாரங்களில் ஒரு லட்சம் யூரோ திரட்டி அதை விடுவித்தார்கள். 2025 மார்ச்சில் சிறந்த அனிமேஷன் திரைப்படத்துக்கான ஆஸ்கர் விருதை வென்ற லாட்வியா நாட்டுப் படம் 'ஃப்ளோ' பிளெண்டரில் செய்யப்பட்டதுதான்.

இதன் மறுபக்கத்தையும் மறைக்கக்கூடாது. பாண்டிச்சேரியில் தொடங்கும் கதையான 'லைஃப் ஆஃப் பை' படத்தின் புலி பெரும்பாலான காட்சிகளில் கணினிப் புலி. அதைச் செய்த ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனத்துக்குக் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் கிளை இருந்தது. ஆடும் படகு, படகின் மேல் நனைந்த புலி, புலியின் நகம் பதிந்த தார்ப்பாய் என்று பிணைப்புக் கலையின் உச்சம் அந்தப் படம். 2013 பிப்ரவரியில் காட்சி விளைவுகளுக்கான (விஷுவல் எஃபெக்ட்ஸ்) ஆஸ்கர் அதற்குக் கிடைத்தது. அதே பிப்ரவரியில்தான் நிறுவனம் திவால் மனுவும் கொடுத்திருந்தது. விருது நிலையானது, வேலை நிலையற்றது. படத்துக்குப் படம் ஒப்பந்தத்தில் ஓடும் தொழில் இது என்பதைப் பிள்ளையைச் சேர்க்கும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது சான்றிதழைவிட முதலில் கேட்பது ஒரு நிமிட மாதிரிக் காணொளி. அதில் பறக்கும் நாகமும் வெடிக்கும் கோட்டையும் வைப்பவர்கள்தான் அதிகம். பொருள்கள் கைமாறும் ஒரு சாதாரணக் காட்சியைப் பிசகில்லாமல் செய்து காட்டுபவருக்குத்தான் இந்த வேலை தெரியும் என்பது அதைப் பார்ப்பவருக்கு உடனே புரியும். துன் சம்பந்தன் சாலையின் அந்தக் கிளாசையே எடுத்துக்கொள்ளலாம். கைப்பேசியில் ஒரு நிமிடம் படம் பிடித்து, ஒவ்வொரு படமாக நிறுத்திப் பார்க்கவேண்டும். வாடிக்கையாளர் கிளாசைத் திரும்ப மேசையில் வைக்கும்போது, அடிப்பகுதி மேசையைத் தொட்ட உடனே விரல்கள் விலகுவதில்லை. கிளாஸ் மேசைக்குச் சொந்தமாகிவிட்ட பிறகும், சூடு பொறுத்து, இரண்டு மூன்று படங்கள் வரை விரல்கள் அதன் மேலேயே ஒட்டியிருக்கும், பிறகுதான் திறக்கும்.